முரசுக்குள் புகுந்த பூனை

தத்துவம் ஒன்றை நிலைநாட்டும் பொருட்டுக் கவிஞன் ஒரு பிராணியைத் திருஷ்டாந்தமாக அழைத்துவருவதும், வாசகர்கள் தத்துவத்தைத் திண்ணையிலேயே இருத்திவிட்டுப் பிராணிக்கு மட்டும் பால் வார்ப்பதும் நம் இலக்கியத்தில் தொன்றுதொட்டு நிகழ்ந்துவரும் அநியாயமாகும். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களால் இராமகாதை பாடிய கம்பர், அவையடக்கத்தின் பொருட்டுப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைச் சொன்னார். ஆறு காண்டங்களில் ஒன்றையேனும் திறந்திராதவர்களும் அந்தப் பூனையை அறிவார்கள்.

பாரதியார் (1882–1921) 'முரசு' பாட்டில் வளர்த்த வெள்ளைப் பூனையின் கதியும் இதுவே. சாதி வேற்றுமை பொய் என்று முழக்க வந்த அப்பாட்டின் மற்றப் பகுதிகள் பலருக்கு மறந்துபோக, நிறத்துக்கு ஒன்றாகப் பிறந்த நான்கு குட்டிகள் மாத்திரம் நாவை விட்டு இறங்க மறுக்கின்றன. திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவல வழியில், மலைக்கு மேற்கே, மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய தலமென்று போற்றப்படும் அடி அண்ணாமலையிலும், பக்திப் பனுவல்களுக்குச் சற்றும் குறையாத அபிமானம் இந்த மார்ஜாரப் பகுதிக்கு உண்டு.

இதில் பெருஞ்சிக்கல் மூன்றாங்குட்டியைப் பற்றியது. சாம்பல், கருமை, பால்வெண்மை ஆகியவற்றில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பாம்பின் நிறமென்றால் எந்தப் பாம்பு? வயற்காட்டில் சாரையைக் கண்டு பழகியவர்கள் அதுவே என்பர். கட்டுவிரியன் என்னும் கட்சி, கருங்குட்டி முன்பே பிறந்துவிட்டபடியால் கூறியது கூறல் என்னும் குற்றத்துக்கு இடமாகும். உடலெங்கும் வட்டத் திட்டுகள் கொண்ட கண்ணாடிவிரியனே பொருந்துமென்பது நமது முடிபு. அத்தகைய மேனியுடைய பூனைகள் டீக்கடை பெஞ்சின் அடியிலேயே பிரத்தியட்சப் பிரமாணமாகப் படுத்திருக்கின்றன.

வெள்ளைத் தாய்க்கு இத்தனை வண்ணத்தில் சந்ததி எவ்வாறு என்று ஆட்சேபிப்பவர்கள், 1866-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு பாரம்பரிய விதிகளை வெளியிட்ட மெண்டல் என்னும் துறவியிடம் செல்லக்கடவர். பூனையின் வெண்மை பெரும்பாலும் மற்ற நிறங்களை மறைக்கும் ஒரு போர்வையே. அந்தப் போர்வைக்குரிய மரபணுவைத் தாய் ஒற்றையாகப் பெற்றிருப்பின், ஏறக்குறைய பாதிக் குட்டிகள் அது இன்றி, உள்ளே மறைந்திருந்த நிறங்களோடு பிறக்கும். அன்றியும் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் வெவ்வேறாக இருத்தலும் பூனைக் குலத்தில் சகஜம். இவ்விஷயத்தில் கவி மௌனம் சாதித்தது அவருடைய பெருந்தன்மை.

பூனையை விரும்புவது பாலர்களுக்குரிய பேதைமை என்பது பூர்வபட்சம். ஆனால், இப்பகுதியைத் தாளம் தவறாமல் பாடிக்காட்டும் முதியவர்கள் சிலர், குட்டிகளை விட்டு மனிதருடைய நிறத்துக்கும் குலத்துக்கும் பாட்டுத் திரும்பும் இடம் நெருங்கியதும், வீட்டில் நடக்கும் கலியாணப் பேச்சு நினைவுக்கு வந்தாற்போல் இருமத் தொடங்குகிறார்கள். அந்த இருமலுக்குக் காரணம் பூனை ரோமமே என்னும் வைத்தியர் கட்சி நமக்கு உடன்பாடன்று.