உறவினர் வீட்டுப் பாத்திரம் திரும்பி வரும் வழிகளும், வராமல் இருக்கும் வழிகளும்

தமிழ்க் குடும்பத்தை ஆராயப் புறப்பட்டவர்கள் தாய்மாமன் உறவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை பற்றி எழுதியிருக்கிறார்கள். சீரும் மொய்யும் பற்றிக் கேட்கவே வேண்டாம், வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் தீபாவளிக்குப் பெரியம்மா முறுக்கு போட்டுக் கொடுத்த எவர்சில்வர் சம்படம், பொங்கல் தாண்டி, பங்குனி தாண்டி, இன்னமும் நம் வீட்டுச் சமையலறை மேல்தட்டில் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதை எடுத்து நிறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். 'பாத்திரம்' என்று இங்கே சொல்லப்படுவது உலோகத்தால் ஆனது, மூடி உடையது, தின்பண்டத்தோடு ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டு இன்னொரு வீட்டுக்குப் போனது. வாழையிலைப் பொட்டலம், தொன்னை, மாவடு அடைத்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஆகியவை இதில் அடங்கா. அவை திரும்பி வரும் என்று எந்த வீட்டிலும் யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. டிபன் கேரியர் ஒரு தனி நூலுக்குரிய பொருள். அதைத் தொடாமல் விடுகிறேன்.

இத்துறையின் மூலவிதி ஒன்றே ஒன்று: வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. வீட்டில் ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இதன் கிளைகள். இதிலிருந்து உடனே ஒரு முடிவு கிடைக்கிறது. பெரியம்மா முறுக்கோடு அனுப்பிய சம்படத்தை நாம் ரவா லாடோடு திருப்பினால் பாத்திரக் கடன் தீர்ந்தது, லாடுக் கடன் பிறந்தது. அந்த லாடுக்குப் பெரியம்மா அதிரசம் அனுப்புவார். எதில் அனுப்புவார்? அதே சம்படத்தில். ஆகவே கடன் தீர்கிற நிமிடமே மறு கடன் எழுகிறது. இந்தக் கணக்கை முடிக்க வேண்டுமானால் இரண்டு வீடுகளில் ஒன்று அடுப்பை அணைத்துவிட்டு ஊரைக் காலி செய்ய வேண்டும்.

சர்க்கரை போடுவது வெறும் வழக்கம் என்று நினைப்பவர்கள் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும். ஒருவர் தம் பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைப்பதை அதன் 148ஆம் பிரிவு வரையறுக்கிறது. காரியம் முடிந்ததும் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்கிறது 160ஆம் பிரிவு. (சட்டம் இயற்றியவர்களுக்கு நம் குடும்பங்களோடு பழக்கமில்லை என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.) ஆனால் 163ஆம் பிரிவு முற்றிலும் நம் பக்கம். ஒப்படைத்த பொருள் ஏதாவது ஈட்டியிருந்தால் அதையும் சேர்த்தே தர வேண்டும் என்று சொல்லி, சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் கொடுக்கிறது: பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பசு கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் கொடுத்தாக வேண்டும். எங்கள் அம்மா அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. ஆனால் சித்தி வீட்டுத் தூக்குவாளியைக் கன்று இல்லாமல் அவர் ஒருநாளும் அனுப்பியதில்லை.

வரலாற்றுக்கு வருவோம். தமிழர்கள் பாத்திரத்தில் பெயர் எழுதத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறியிருக்கின்றன. கீழடி ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்களைப் படித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து எழுத்தறிவுக்கு இவை சான்று என்று அறிஞர்கள் பெருமைப்படுகிறார்கள். சரிதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பானையின் தோளில் போய் ஏன் தன் பெயரைக் கீறினான்? அந்தப் பானை வீட்டைவிட்டு வெளியே போகும் என்று அவனுக்குத் தெரியும். போனால் திரும்பாது என்பதும் தெரியும்.

எகிப்தில், செங்கடல் கரையில் இருக்கும் குசேர் அல்-கதிம் என்ற பழைய துறைமுகத்திலும் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 'கண்ணன்' என்றொரு பெயர், 'சாதன்' என்றொரு பெயர். வணிகர்கள் கொண்டுபோனவை என்பது வரலாற்றாசிரியர்கள் முடிவு. வணிகமும் நடந்திருக்கும், யார் இல்லை என்றது? ஆனால் சாதன் வீட்டில் ஓர் அம்மாள், கப்பல் ஏறுகிற உறவுக்காரப் பையனுக்கு வழியில் சாப்பிட ஏதோ போட்டுக் கொடுத்திருப்பார், "வரும்போது பானையை எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லியும் இருப்பார் என்பது என் கருத்து. அப்படியானால் இதுவரை பதிவான திரும்பா நிலுவைகளில் மிக நீண்டது அதுதான்.

மண்பானைக் காலத்தில் இந்தச் சுற்று வளர முடியாது, ஏனென்றால் பானை உடையும். பித்தளைக் காலத்திலும் தடை இருந்தது. புளி பட்டால் பித்தளை களிம்பேறும், ஈயம் பூசியாக வேண்டும், ஈயம் போனால் மறுபடி பூச வேண்டும். பித்தளையில் வத்தக்குழம்பு போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்பத் துணிந்தவர் குறைவு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கு நல்ல உலோகம் தேடப்போய்த் துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தார். துப்பாக்கிக்கு அதனால் என்ன லாபமோ, நம் உறவுமுறைக்கு அது யுகப் புரட்சி. புளிக்கு அசையாது, விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது, எத்தனை ஆண்டு பரணில் கிடந்தாலும் பல் இளிக்காது. சேலத்தில் உருக்காலை வருவதற்கு முன்பே 'எவர்சில்வர்' நம் கல்யாண வீடுகளைப் பிடித்துவிட்டது. கடனுக்கு அழியாத உடம்பு கிடைத்த காலம் அது.

இனி, பருவந்தோறும் இந்த நடமாட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். தை மாதத்தில் சர்க்கரைப் பொங்கல் பக்கத்துத் தெருவரைதான் போகும். கிண்ணத்தில் போய், மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குள் திரும்பிவிடும். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள், வரும்போது மொட்டைமாடியில் காய்ந்த கூழ்வடகத்தைப் பெரிய தகர டின்னில் கொண்டுவருகிறார்கள். இந்த டின் அடுத்த சித்திரைக்குத்தான் திரும்பும். அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை, டின்னுக்கு ஓராண்டு தவணை உண்டு. ஆடியில் புது மாப்பிள்ளையை அழைக்கிற வீட்டிலிருந்து போகும் பாத்திரம் திரும்பி வருமா என்று கேட்பதே அநாகரிகம். அது சீரோடு சேர்ந்துவிட்டது. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்கு அகலப் பாத்திரம் வேண்டும், அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நவராத்திரிச் சுண்டலுக்குக் கைக்கு ஒரு சின்னக் கிண்ணம், கொலு பார்த்துவிட்டுப் போகிறவர் கையோடு போகும். கார்த்திகைப் பொரி உருண்டைக்கு ஆழமான தூக்கு.

இத்தனையும் ஓடை என்றால் தீபாவளி வெள்ளம். அன்று ஒரு வீட்டிலிருந்து ஆறு பாத்திரம் வெளியே போகும், எட்டு உள்ளே வரும். எது எதில் வந்தது என்பதை அம்மா எழுதி வைப்பதில்லை, அவருக்குத் தேவையும் இல்லை. நாமோ மத்தியானத்துக்குள் குழம்பிவிடுவோம். மாமா வீட்டுச் சம்படத்தின் மேல் அத்தை வீட்டு மூடி உட்காரும். மூடி மாறிய பாத்திரம் இரண்டு வீட்டாருக்கும் உதவாது. ஒரு வீட்டில் மூடாத சம்படம், ஒரு வீட்டில் எதையும் மூடாத மூடி. இப்படி அரைகுறையாக நின்ற நிலுவைகளுக்காகவே தீபாவளி கழிந்த மாதத்தில் உறவினர்கள் ஒருவரையொருவர் அடிக்கடி பார்த்துக்கொள்கிறார்கள். ஐப்பசி மழையையும் பொருட்படுத்தாமல் வருகிற பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நிலுவையை நினைவூட்டும் முறைக்கும் இலக்கணம் இருக்கிறது. கொடுத்தவர் ஒருநாளும் வாய்திறந்து கேட்கக் கூடாது. வாங்கியவர்தான் பேச்சை எடுக்க வேண்டும். அத்தை போன் செய்வார்.

"அண்ணி, உங்க தூக்கு எங்ககிட்டதான் இருக்கு. மறக்கல."

"அது கெடக்கட்டும் விடு. தூக்குக்கா பஞ்சம்?"

"இல்ல அண்ணி, கழுவி எடுத்து வச்சிருக்கேன். யாராவது வந்தா குடுத்து விடணும்."

"எதுக்கு யாராவது? நீயே புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போ."

பாத்திரம் கூரியரில் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டப்படியும் இந்த உரையாடல் பழுதற்றது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், ஒப்படைத்த அசையும் பொருளைத் திரும்பப் பெற வழக்குப் போட மூன்று ஆண்டு கொடுக்கிறது. அந்த மூன்று ஆண்டு, கேட்டு, 'தர முடியாது' என்று மறுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. நம் குடும்பங்களில் யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் மறுப்பதில்லை, ஆகவே கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. தாத்தா காலத்துத் தூக்குக்கும் இன்றைக்கு உரிமை கோரலாம்.

மேல்நாட்டு ஒப்பீடு இல்லாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை நிறைவு பெறாது என்பதால் மலினோவ்ஸ்கியையும் அழைத்துவிடுகிறேன். பசிபிக் கடலின் திரோபிரியாண்டுத் தீவுகளில் செஞ்சங்கு மாலைகள் ஒரு திசையிலும் வெண்சங்கு வளையல்கள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றுவதை அவர் 1922இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். யாரும் அவற்றை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, நெடுநாள் பிடித்து வைப்பவருக்குக் கெட்ட பெயர். கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்ப வேண்டும் என்று இந்தக் கடமைகளை மூன்றாக வகுத்தவர் பிரான்சின் மார்செல் மோஸ், ஆண்டு 1925. இருவருமே பெரிய அறிஞர்கள். ஆனால் மலினோவ்ஸ்கியின் தீவுகளில் பொருள் போகும் திசையாவது தெரியும். நம் சம்படம் எந்தத் திசையில் போகிறது என்பது அது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

திசையைக் காட்டத்தானே பெயர் வெட்டுகிறோம் என்று கேட்கலாம். பாத்திரக் கடையில் பில் போட்டதும், ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால், மின்சார ஊசியை டிர்ர்ர் என்று ஓடவிட்டுப் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார். முதலெழுத்து, பெயர், சில சமயம் நாளும் விசேஷமும். பழைய பாத்திரங்களில் சின்ன உளியால் தட்டிய எழுத்து, தடவினால் விரலில் தட்டுப்படும். கல்வெட்டுப் படிப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், வெட்டியிருக்கும் பெயர் உரியவர் பெயரா, கொடுத்தவர் பெயரா என்று பிரித்தறிவது. அந்தப் பாடம் கற்காததால் எங்கள் குடும்பத்தில் விளைந்த சேதம் பெரிது.

அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா ஓர் எவர்சில்வர் டப்பா பரிசளித்தார். பரிசுப் பாத்திரம் ஆதலால் மாமா பெயரே வெட்டியிருந்தது, கீழே 'அன்பளிப்பு' என்று. ஆனால் பல ஆண்டு தேங்காய் நார் தேய்ப்பில் கீழ்வரி மங்கிப்போய், பெயர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அம்மா அந்த டப்பாவில் சித்திக்குக் கேசரி அனுப்பினார். சித்தி கழுவிக் கவிழ்க்கும்போது பெயரைப் படித்தார், 'அடடா, அண்ணன் வீட்டு டப்பா' என்று அதில் சீடை போட்டு நேராக மாமாவுக்கே அனுப்பிவிட்டார். மாமாவுக்குக் கீழ்வரி மனப்பாடம். தாம் கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசைத் தங்கை இத்தனை வருஷம் கழித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று அவர் கொண்ட கோபம் கார்த்திகைவரை நீடித்தது. சமாதானமாக அம்மா கொண்டுபோன பால்கோவா எந்தப் பாத்திரத்தில் போனது என்பதில் எல்லோரும் கவனமாக இருந்தோம். பெயரே இல்லாத ஒரு கிண்ணத்தில் போனது.

இடையில் ஐஸ்கிரீம் டப்பா வந்து இத்துறையையே கெடுக்கப் பார்த்தது. "டப்பா திருப்பித் தர வேணாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாங்கியவர் மனம் லேசானது உண்மை. கூடவே, அந்த வீட்டுக்கு மறுபடி போகக் காரணமும் போயிற்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது உணவகப் பார்சலுக்கே தூக்கு கொண்டு போனவர்கள் உண்டு. ஐஸ்கிரீம் டப்பா அந்தத் தடையிலும் தப்பிவிட்டது. அதில் கறிவேப்பிலை வைக்கலாம், பச்சைமிளகாய் வைக்கலாம். உறவினருக்குப் பலகாரம் அனுப்புவதை மட்டும் நான் ஆதரிக்க முடியாது.

எஞ்சியிருப்பது, விடை காணாத ஒரு சான்று. எங்கள் வீட்டு மேல்தட்டில் 'செ.வ. 1979' என்று உளியால் தட்டிய ஒரு சம்படம் இருக்கிறது. பெரியம்மா, சித்தி, அத்தை மூவரும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, அடியையும் பார்த்து, தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த முதலெழுத்தில் இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. மூடி சரியாகப் பொருந்துவதால் அது ஒரு வீட்டிலிருந்து ஒழுங்காகப் புறப்பட்டு வந்ததுதான் என்பது உறுதி. என்றைக்காவது உரியவர் வந்து நின்றால் வெறும் பாத்திரத்தைக் கொடுக்க முடியாதே என்று அம்மா அதில் எப்போதும் ஒரு பிடி சர்க்கரை போட்டு வைத்திருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் செய்கிறார். இதுவரை உரிமை கோரியவை எறும்புகள் மட்டுமே.