முதல் பக்கத்தில் ஓர் இடம்

கூகுளின் முதல் பக்கத்தில் இடம்பிடித்துத் தருவது இன்று தனித்தொழில். குருமார்களும் உண்டு, கட்டணமும் உண்டு. அமெரிக்காவில் மஞ்சள் பக்கப் புத்தகம் இருந்த காலத்தில் இது எளிது. குழாய் ரிப்பேர் கடைக்கு 'ஏஏஏ' என்று பெயர் வைத்தால் போதும், அகரவரிசையே தூக்கிவிடும். தேடுபொறி வந்த பிறகு வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை ஓயாமல் எழுதி வைத்தார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது; இயந்திரத்துக்குத் தெரியும். (சாமிக்கு அர்ச்சனை என்றாலும் நாம் ஆயிரத்தெட்டோடு நிறுத்திக்கொள்வோம்.)

2006இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளமே இயந்திரத்துக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டி மாட்டிக்கொண்டது. கூகுள் பட்டியலிலிருந்து நீக்கியது. சில நாட்களில் திரும்பச் சேர்த்தும் கொண்டது. பெரிய இடத்துப் பிள்ளை அல்லவா!

பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்டுகளைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் அறிவித்துவிட்டது. அந்தச் செய்தி சில குருமார்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்போதைய மந்திரம், நீளம். ரசம் வைப்பது எப்படி என்று தேடினால் மிளகு வணிக வரலாறு, பாட்டி ஊர் ஆற்றங்கரை, செரிமானத்தின் மேன்மை எல்லாம் வருகின்றன. புளி கரைக்கும் கட்டம் வருவதற்குள் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிடுகிறது.