கேட்டுக்கு வெளியே

கேள்வி: இதழியல் மாணவன் நான். ஒரகடம் பக்கம் போனால் ஆலை கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிறப்புக் கட்டுரை எழுதுவது எப்படி?

கட்டுரை, ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற பஸ்ஸில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். சாலையில் நின்று பார்த்தவருக்கு அது மறியல். காரணமோ விடுதிச் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ‘அதுதான் செய்தியிலேயே வந்துவிட்டதே’ என்பீர்கள். வந்தது எண்ணிக்கை. தரையில் படுத்தார்கள், கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அந்தப் பெண்களிடம் கேட்ட பிறகே தெரிந்தது. விடுதிகளில் சில தன் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று ஆப்பிளும் அந்த மாதமே ஒப்புக்கொண்டது. நீங்களும் அந்த ஆலைப் பக்கத்துச் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நில்லுங்கள். முதலில் சம்பளத்தைக் கேட்காதீர்கள், “இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள்.