மூன்றாம் மாடியும் ஐந்து மார்க்கும்

அப்போதெல்லாம் கோதிக் என்றால் ஐந்து மார்க். பழைய மாளிகை, நள்ளிரவுச் சிரிப்பு, பூட்டிய அறை, பைத்தியக்காரி, தீ என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் முழு மார்க்கும் விழுந்துவிடும். எண்பதுகளில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த எங்கள் வகுப்பில் ‘ஜேன் அயர்’ நாவலை வைத்திருந்தவர்கள் சிலர்தான். கைடு எல்லாரிடமும் இருந்தது. அதில் ‘பின்னணி’ என்று அரைப் பக்கம் வரும். “அது கேக்க மாட்டான், விட்டுடுங்க” என்று எங்கள் பேராசிரியர் பெரிய மனசோடு சொல்லிவிடுவார். விட்டோம்.

என் அக்கா மகள் இப்போது அதே நாவலைப் படிக்கிறாள். கைடு கிடையாது, செல்போன் இருக்கிறது. நாங்கள் விட்ட அந்த அரைப் பக்கம்தான் அவளுக்கு முழுப் பாடம். ஜமைக்கா, அடிமை வியாபாரம், பைத்தியக்கார விடுதிச் சட்டம் எல்லாம் விரல் நுனியில். கடைசியில் ஜேன் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க சித்தி” என்றாள்.

முதல் அத்தியாயத்தில் சிறுமி ஜேன் சிவப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தாமஸ் பியூயிக்கின் ‘பிரிட்டிஷ் பறவைகள்’ புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ‘பியூயிக்: ஒரு பறவை நூல் ஆசிரியர்’ என்றது கைடு. அதோடு சரி. அந்தப் பறவைகளை இப்போது செல்போனில் படுத்தபடியே பார்க்கலாம். பியூயிக் நியூகாஸிலைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர். பறவைகளுக்கு நடுவே இடம் நிரப்ப அவர் செதுக்கிய குட்டிப் படங்களில் கல்லறையும் தூக்குமரமும் உடைந்த படகும் இருக்கின்றன. பத்து வயதுப் பெண்ணைப் பயமுறுத்தியவை பறவைகள் அல்ல, அந்தக் குட்டிப் படங்கள்தான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். “க்யூட்” என்றாள் அக்கா மகள்.

ஜேன் படிக்கும் லோவுட் பள்ளிக்கு மட்டும் எங்களுக்கு உரை தேவைப்படவில்லை. ஹாஸ்டலில் தீய்ந்த உப்புமா தின்றவர்களுக்குக் கருகிய கஞ்சியை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன? அழுது படித்தோம். அது பெரும்பாலும் நடந்த கதை என்பது அந்த அரைப் பக்கத்துக்குள் இருந்தது. 1824இல் கோவன் பிரிட்ஜ் என்ற ஊரில் ஏழைப் பாதிரியார்களின் பெண்களுக்காகத் திறந்த பள்ளிக்கு, நாவலை எழுதிய ஷார்லட் பிராண்டேயும் அவர் சகோதரிகள் மூவரும் போனார்கள். மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் காசநோயோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 1825 மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். மரியாவுக்குப் பதினொன்று, எலிசபெத்துக்குப் பத்து. நாவலில் ஜேனின் அணைப்பிலேயே உயிர்விடும் ஹெலன் பர்ன்ஸ் அந்த மரியாதான். பள்ளியை நிறுவிய காரஸ் வில்சன் பாதிரியார் நாவலில் பிராக்கிள்ஹர்ஸ்ட் ஆனார். 1857இல் எலிசபெத் காஸ்கெல் தாம் எழுதிய ஷார்லட்டின் வாழ்க்கை வரலாற்றில் பள்ளியை அடையாளம் காட்டியதும் வில்சன் தரப்பு கொதித்தெழுந்தது; வழக்கு மிரட்டலும் வந்தது. காஸ்கெல் சில பகுதிகளைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. செத்த பிள்ளைகளைவிடப் பள்ளியின் பெயர் பெரிது என்ற கொள்கை இங்கிலாந்திலும் உண்டு என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சம்பளக் கணக்கையும் நாங்கள் தாண்டித்தான் போனோம். பிறகு கவர்னஸாகப் போன தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஜேனுக்கு வருஷத்துக்கு 30 பவுண்டு. லோவுட்டில் டீச்சராக வாங்கியது அதில் பாதி. ஷார்லட் 1841இல் ஒரு வீட்டில் கவர்னஸாக இருந்தபோது அவருக்குப் பேசிய சம்பளம் 20 பவுண்டு, அதிலும் துணி வெளுக்க 4 பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். தமக்குக் கிடைக்காததைத் தம் கதாநாயகிக்கு வாங்கிக் கொடுத்தவர் ஷார்லட். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த கற்பனை இதுதான். காதல் அதற்கு அடுத்தபடி.

பிறகு தார்ன்ஃபீல்டின் அந்த மூன்றாம் மாடி. விடுதியில் விளக்கணைத்த பின் டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பைப் படித்துவிட்டு, பாத்ரூமுக்குத் தனியாகப் போக ஆளில்லாமல் கும்பலாகப் போவோம். அந்த மாடி நடையை ஜேன் நீலத்தாடிக்காரனின் கோட்டையோடு ஒப்பிடுகிறாள்: மனைவிகளைக் கொன்று ஓர் அறையில் பூட்டிவைக்கும் பிரெஞ்சுக் கதை அது. இன்றைக்கு யார்க்‌ஷயரில் ரிப்பன் அருகே நார்ட்டன் கானியர்ஸ் மாளிகை இருக்கிறது. ஷார்லட் 1839 வாக்கில் அங்கே போயிருக்கலாம் என்கிறார்கள். மாடியறையில் ஒரு பைத்தியக்காரியை அடைத்துவைத்திருந்த கதை அந்த வீட்டுக்கும் உண்டு. 2004இல் அங்கே மறைந்திருந்த ஒரு படிக்கட்டைக் கண்டுபிடித்தார்கள். நான் படம் பார்த்தேன். மரப்படி, தூசி. பயம் ஒன்றும் வரவில்லை.

பயம் வந்தது கணக்கு வழக்கில்தான். தார்ன்ஃபீல்டு முதலாளியும் ஜேனின் காதலனுமான ரோசெஸ்டரின் அப்பா சொத்து முழுவதையும் மூத்த மகனுக்கு எழுதிவைத்துவிட்டு, இளையவனை ஜமைக்காவுக்கு அனுப்பி, தோட்ட முதலாளி மேசனின் மகள் பெர்த்தாவைக் கட்டிவைக்கிறார். மூன்றாம் மாடிப் பைத்தியக்காரி அவள்தான். வரதட்சிணை 30,000 பவுண்டு. ஜமைக்கா தோட்டம் என்றால் கரும்பு; கரும்பு என்றால் அடிமைகள். பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது நஷ்ட ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. வாங்கியவர்கள் முதலாளிகள்; அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. சரி, ரோசெஸ்டர் பணம்தான் அழுக்கு, ஜேனின் பணம் சுத்தம் என்று நாங்கள் சமாதானப்பட்டிருப்போம். அவளுக்கு 20,000 பவுண்டு விட்டுப்போனவர் மதேய்ரா தீவில் வியாபாரம் செய்த, அப்பாவுடன் பிறந்த ஜான் அயர். மேசன் நிறுவனத்துக்கு அந்தத் தீவில் ஏஜென்ட் யார்? அதே ஜான் அயர். எங்கள் வகுப்பே கைதட்டிய பரம்பரைச் சொத்து, அவள் மூன்று உறவினர்களோடு சமமாகப் பங்கிட்டுக்கொண்ட சொத்து, வந்த வழி அது. கடைசியில் பெர்த்தா தரப்பில் நின்று கதை எழுத, கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் வர வேண்டியிருந்தது.

இந்தியாவும் உண்டு. செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்ற பாதிரியார், ஜேனை மனைவியாக்கி இங்கே கூட்டிவர முடிவு செய்து, ஹிந்துஸ்தானி கற்றுக்கொடுக்கிறார். ஷார்லட்டின் அப்பாவுக்குக் கேம்பிரிட்ஜில் படிக்க உதவி தேடிக்கொடுத்த ஹென்றி மார்ட்டின், புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்து 1812இல் இளம் வயதிலேயே இறந்த மிஷனரி. அவரைத்தான் ரிவர்ஸுக்கு முன்மாதிரியாகச் சொல்வார்கள். இந்தியா என்றால் நல்லவர்கள் வெயிலில் செத்துப்போகும் இடம் என்கிற அந்த நாவலை, ஏப்ரல் மாதம் மின்விசிறி ஓடாத ஹாலில் உட்கார்ந்து, கேள்வி கேட்காமல் பரீட்சை எழுதினோம்.

அக்கா மகள் ஒரு வழியாகக் கதையையும் படித்துவிட்டாள். “ரோசெஸ்டர் பயங்கர ரெட் ஃபிளாக், சித்தி. பிடிக்கலைன்னா டிவோர்ஸ் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றாள். நியாயமான கேள்வி. அவளுடைய பின்னணிக் குறிப்புகளில் அதற்கு மட்டும் பதில் இல்லை. 1857 வரை இங்கிலாந்தில் மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமானால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும். அதற்கும் சோரம் போனதை நிரூபிக்க வேண்டும். மனைவி பைத்தியம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட பிறகு சட்டத்தில் தனக்கு வழியில்லை என்று ரோசெஸ்டரே ஜேனிடம் சொல்கிறான். பூட்டிய அறைக்குப் பாதி காரணம் அவன் குணம், மீதிப் பாதி சட்டம். தீராத மனநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டம் அங்கே 1937இல்தான் வந்தது. ‘ஜேன் அயர்’ வெளியானது 1847இல்.