நழுவாத அம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மகன், முறைப்படி மான் வேட்டைக்கு உரிமச்சீட்டு எடுத்து, குறுக்குவில் ஒன்றும் வாங்கியிருக்கிறான். போன பருவத்தில் புதரோரமாகப் பதுங்கி நடந்துகொண்டிருந்தபோது அம்பு தன் இடத்தைவிட்டு முன்னே நகர்ந்துவிட்டதாம். அவன் அதைப் பார்த்துச் சரிசெய்வதற்குள் மான் போய்விட்டதாம். இதற்கு என்ன உபாயம் என்று என்னைக் கேட்கிறான். நான் முப்பது வருஷம் ரயில்வேயில் கணக்கெழுதியவன். தாங்கள்தான் சொல்ல வேண்டும்.
(மாரேட்பள்ளி, செகந்திராபாத்)

பதில்: மான் போனது போகட்டும், ஐயா. அம்பு நகர்ந்ததைத் தங்கள் குமாரர் விசையைத் தொடுவதற்கு முன்னால் பார்த்தாரே, அதற்காக வீட்டில் ஒரு தேங்காய் உடைக்கலாம்.

குறுக்குவில்லின் நாணைப் பின்னுக்கு இழுத்துக் கொக்கியில் மாட்டிய க்ஷணத்திலிருந்து, வேட்டைக்கென்று செய்யப்படும் இக்காலத்து வில்களில் 150 முதல் 200 பவுண்டு வரையில் இழுவிசை அடங்கிக் கிடக்கிறது. அம்பின் அடிப்பாகமாகிய குதை நாணை ஒட்டி நிற்குமானால், அவ்வளவு சக்தியும் அம்பிலே இறங்கி அதைக் கொண்டுபோய்விடும். அம்பு ஓர் அங்குலம் முன்னே சரிந்திருந்தாலோ, நாண் அந்த ஓர் அங்குலத்தைத் தடையில்லாமல் ஓடிக் கடந்து, வேகத்தோடு குதையின்மேல் மோதும்; அல்லது குதைக்கு மேலாகவோ கீழாகவோ வழுக்கிப் போகும்; அப்போது அம்பு ஏற்றுக்கொள்ள வேண்டிய சக்தி வில்லின் இரு கைகளுக்கும் திரும்பி அவற்றைப் பிளந்துவிடக் கூடும், நாணை அறுத்துவிடக் கூடும், அம்போ எந்தத் திசையில் போகும் என்று சொல்வதற்கில்லை. அம்பே இல்லாமல் நாணை விட்டால் வில்லுக்கு என்ன கதி நேருமோ, ஏறக்குறைய அதே கதிதான் இதிலும்.

இதைத் தடுப்பதற்காகவே, அம்பு படிந்து கிடக்கும் பள்ளமாகிய காடியின் மேலே, கொக்கிக்குச் சற்று முன்பாக, மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது அம்புத்தண்டை மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். தகடு தளர்ந்திருந்தால் வில்லின் முனை தரையை நோக்கிச் சாய்ந்தவுடன் அம்பு சரியும். அதற்காக ஒருவர் அதை வளைத்து அதிகமாக இறுக்கிவிட்டால், அம்பு புறப்படும்போதே உராய்ந்து குறி தவறும். ஆகையால் நாண் ஏற்றுவதற்கு முன்பே வெறும் அம்புத்தண்டைத் தகட்டின் கீழே செருகி, மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரலுக்கு ஒரு மெல்லிய பிடி தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால், வில்லை விற்ற கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் புதுத் தகடு போட்டுக்கொள்வதே உத்தமம்.

அடுத்தது இறகு. மூன்று இறகுள்ள அம்பிலே ஓர் இறகு மட்டும் வேறு நிறமாக இருப்பதைப் பார்த்து, அலங்காரம் என்று நினைப்பவர் உண்டு. அந்த இறகு காடியின் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். மற்ற இரண்டும் மேலே இருபுறமும் விரிந்து நிற்க, தகடு அவற்றிடையே தண்டின்மேல் படியும். இறகைத் திருப்பிப் போட்டால் தகடு இறகின்மேல் ஏறிவிடும். பிடியும் போயிற்று, இறகும் போயிற்று. குதையிலும் பலவகை உண்டு: தட்டையானது, அரைப்பிறை வடிவானது, நாணைக் கவ்விக்கொள்வது என்று. வில்லைச் செய்தவர் எந்தக் குதையைச் சொல்லியிருக்கிறாரோ அதைத் தவிர வேறொன்றைப் போடலாகாது. அரைப்பிறைக் குதை சற்றே திரும்பியிருந்தாலும் நாண் அதன்மேல் ஏறிவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, முக்கியமானதைச் சொல்கிறேன். பதுங்கி நடக்கும்போது அம்பு காடியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முள்ளிலும் கிளையிலும் உரசிக்கொண்டு, குனிந்தும் தவழ்ந்தும் போகிறவர், அலகு தீட்டிய அம்பு ஒன்றைப் பொருத்தி வைத்துக்கொண்டு இடறி விழுந்தாரானால், அந்த அம்பு முதலில் காண்பது மானை அல்ல. நடக்கும் வரையில் அம்பு தூணியில் இருக்கட்டும். எய்ய வேண்டிய இடத்துக்கு வந்து, நின்று, மூச்சு அடங்கி, பாதுகாப்புத் தாழ் விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு அம்பை எடுத்துக் காடியில் வைத்து, குதை நாணைத் தொடும்வரை பின்னுக்குத் தள்ளட்டும். மரத்தின்மேல் பரண் கட்டி உட்காருகிறவரானால், வில்லை அம்பில்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வதே முறை. புது வில்களில் அம்பு முழுவதும் பொருந்தினாலொழிய விசை இறங்காதபடி தடுக்கும் உட்கருவி ஒன்று இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வது தகாது.

பெருவிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லைத் தாங்கும் கையின் பெருவிரல் காடியின் விளிம்புக்குமேலே ஒரு நெல்லளவுகூட எழும்பலாகாது. நாண் அதைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது, ஏற்றிய நாணைக் கையால் இறக்க முயலாமல், மழுங்கிய முனையுள்ள பழைய அம்பு ஒன்றை மெத்தென்ற மண்ணிலோ பயிற்சி இலக்கிலோ எய்து வில்லை வெறுமையாக்கிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: அர்ச்சுனனுடைய அம்பு நழுவியதாக எந்த உபந்யாசகரும் சொல்லக் கேட்டதில்லையே! அவனுக்குத் தகடு பொருத்திக் கொடுத்தது யார்?
(சிக்கட்பள்ளி, பள்ளி மாணவி)

பதில்: அவனுடைய விரல்களே, குழந்தாய். கைவில்லில் நாணையும் குதையையும் சேர்த்துப் பிடிப்பது விரல். இழுத்த நாணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் சில விநாடிகள்தாம். அதற்குமேல் எவ்வளவு பெரிய வீரனுக்கும் புஜம் நடுங்கிவிடும். குறுக்குவில்லிலே அந்தச் சிரமத்தைக் கொக்கி ஏற்றுக்கொள்வதால், அது மணிக்கணக்காக இழுத்தபடியே காத்திருக்கிறது. அவ்வளவு நேரம் அம்பைப் பிடித்திருக்க விரலால் ஆகாது; தகடுதான் வேண்டும்.

கேள்வி: இந்த யந்திர வில் ஐரோப்பியரின் சொத்து என்று என் நண்பர் சாதிக்கிறார். நம் பக்கத்தில் இது இருந்ததே இல்லையா?
(ஹிமாயத்நகர்)

பதில்: தங்கள் நண்பரைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதைக்கு அனுப்பி வையுங்கள். மதுரை மதிலின்மேல் இருந்த பொறிகளை வரிசையாகச் சொல்லி வரும் இளங்கோவடிகள், அவற்றுள் வளைவிற்பொறி என்று ஒன்றையும் சொல்கிறார். தானே வளைந்து எய்யும் யந்திர வில் என்று அதற்கு உரை கண்டார்கள். அதன் காடி எப்படி இருந்தது, அம்பை எது பிடித்திருந்தது என்றெல்லாம் காவியத்தில் தேடுவது நியாயமில்லை. ஆனால் மதிலின்மேல் நின்று கீழே வருகிற பகைவனை நோக்கிச் சாய்த்து எய்கிறவனுக்குத்தான் அம்பு சரியும் தொல்லை அதிகம் என்பதால், அந்தத் தச்சர்கள் அதற்கு வழி தேடாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சீனாவிலே கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் மண்ணால் செய்து புதைத்த சின் சக்கரவர்த்தியின் சேனை 1974-இல் வெளிப்பட்டபோது, அதனுடன் வெண்கலத்தில் வார்த்த குறுக்குவில் விசைகளும் கிடைத்தன. ஐரோப்பாவில் கிறிஸ்தவர்மேல் இதைப் பிரயோகிக்கலாகாது என்று 1139-இல் திருச்சபையின் மகாசபையே தடை போட வேண்டி வந்தது. அங்கே பிற்காலத்து வேட்டை வில்களில் கொம்பைச் சீவிச் செய்த பிடி ஒன்று அம்பின்மேல் அழுந்தி நிற்கும். இன்றைய எஃகுத் தகட்டுக்கு அதுவே பாட்டி. நிக்கோபார்த் தீவுகளில் குறுக்குவில் வழக்கத்தில் இருந்தது. மலபார்ப் பக்கத்தில் மீன் எய்வதற்கு இதை உபயோகித்தார்கள் என்பதைச் சென்னை ராஜதானியின் மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், 1924-இல் தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி எழுதிய கட்டுரையில் விவரித்திருக்கிறார். நீரை நோக்கிக் குனிந்து எய்கிற வில்லுக்கு அம்பு நழுவும் சங்கடம் தினப்படி சங்கடம் அல்லவா!

நம் ஹைதராபாத்தில் உருது கஜல் கேட்டுப் பழகியவர்களுக்கு ‘நாவக்’ புதிதல்ல. காதலியின் பார்வையை அதற்கு ஒப்பிடாத கவி குறைவு. சாதாரணக் கைவில்லிலே குட்டையான அம்பை ஒரு குழலுக்குள் அல்லது காடிக்குள் வைத்து எய்யும் உபாயம் அது. அம்பு அதனுள் அடங்கி இருப்பதால், குதிரைமேல் போகிறவனுக்கும் அது விலகாது.

கேள்வி: இதையெல்லாம் படித்தபின் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விகாராபாத் அனந்தகிரிக் காட்டுப் பக்கம் போய் முயன்று பார்க்கலாமா?
(நாம்பள்ளி, கல்லூரி மாணவர்)

பதில்: கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டும் அல்ல. துரத்துவது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கான ஒவ்வொரு முயற்சியும் வேட்டையே. பொழுதுபோக்குக்காக உரிமம் கொடுக்கும் வழியும் 1991-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே தங்கள் அம்பு நழுவினாலும் குற்றம் குற்றமே.

ஆசை வில்லின்மேல் என்றால், பயிற்சிக் களத்துக்குப் போய் ஆசிரியர் ஒருவரிடம் இலக்கை எய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசை பதுங்கி நடப்பதன்மேல் என்றால், வனஸ்தலிபுரத்தில் மகாவீர் ஹரிண வனஸ்தலி இருக்கிறது. ஒரு காலத்தில் நிஜாம் குடும்பத்தாரின் வேட்டை நிலமாக இருந்த அந்தப் புல்வெளியில் இன்று கலைமான்கள் மேய்கின்றன. அனுமதியுள்ள பாதையில், மங்கிய நிற உடை தரித்து, காற்று முகத்தில் அடிக்கும்படி நடந்து, எவ்வளவு அருகில் போக முடிகிறது என்று பாருங்கள். கலைமானின் காது ஒருபுறம் திரும்பியவுடன் அப்படியே நின்றுவிட வேண்டும்; அது மறுபடி தலையைக் குனிந்து புல்லைக் கடித்த பிறகே அடுத்த அடி.

கேள்வி: நல்லமலைக் காட்டுப் பழங்குடியினரான செஞ்சுக்கள் அம்பை எப்படிக் கொண்டுபோவார்கள்? அவர்களுக்காவது வேட்டையாட உரிமை உண்டா?
(தார்நாகா, ஆராய்ச்சி மாணவர்)

பதில்: செஞ்சு வேட்டைக்காரனின் ஆயுதம் குறுக்குவில் அல்ல, மூங்கில் வில்லும் இரும்பு முனை வைத்த அம்பும்தான். வில்லும் இரண்டொரு அம்பும் கையோடு இருக்கும். இலக்கு கண்ணில் பட்ட பிறகே நாணில் அம்பு ஏறும். மாரேட்பள்ளி அன்பருக்கு நான் எழுதிய நீண்ட பதிலின் சாரம் முழுவதும், அச்சில் வந்த எந்தக் கையேடும் இல்லாமலே அந்தக் காட்டு மனிதருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹைதராபாத் சமஸ்தானத்தின் எல்லையைவிட்டு வெளியேற முடியாதிருந்த ஆஸ்திரிய மானிடவியலறிஞர் கிறிஸ்டோஃப் வான் ஃபூரர்-ஹைமண்டார்ஃப், அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1943-இல் வெளியிட்ட நூல் செஞ்சுக்களைப் பற்றியதே. பின்னர் அவர் உஸ்மானியா சர்வகலாசாலையில் பேராசிரியராகவும் இருந்தார். தங்களுக்கு அந்த நூல் தங்கள் வீட்டு நூலகத்துச் சொத்து.

உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் தேன், பிசின், கிழங்கு முதலிய சிறு வனப்பொருள்களின்மேல் அவர்களுக்கு உடைமை கொடுத்தது. ஆனால் மரபுவழி வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. புலியைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனாலும், மிருகங்களைத் தின்று தீர்த்தவர்கள் செஞ்சுக்கள் அல்ல. பட்டாளம் திரட்டி, பறை அடித்து, துப்பாக்கி ஏந்தி, யானைமேல் சென்றவர்கள் வேறு. ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் சுட்ட புலிகளோடு நிற்கும் படங்களை ராஜா தீன் தயாள் எடுத்திருக்கிறார். அவற்றைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பாரம் முழுவதையும் வில்காரன் தலையில் இறக்குவது தர்மம் ஆகாது.

இன்று அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் தடம் பார்த்துச் சொல்லவும், காவல் முகாம்களில் தங்கிக் காட்டைக் காக்கவும் செஞ்சு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஸ்ரீசைலம் போகும் வழியில் அங்கே இறங்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அவர்களைக் கண்டால் கையில் வில்லைக் கொடுத்துப் படத்துக்கு நிற்கச் சொல்லாதீர்கள், அவர்கள் காட்டும் தடத்தைக் குனிந்து பாருங்கள், அவர்கள் சேகரித்த தேனை உரிய விலை கொடுத்து வாங்குங்கள்.