வர்த்தமானி வாசிக்காத மான்கள்

இந்த வாரம் தபாற்பையைக் கவிழ்த்தால் பாதிக் கடிதத்தில் மான், மீதியில் யானை. அரசியல் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். அவை எப்படியும் பழுதாகாது.

திருகோணமலை பஸ் நிலையத்தில் விடியவே மான் வந்து நிற்கிறதே, அது எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது?
— ஓட்டோச் சாரதி, உப்புவெளி

நீங்கள் சோறு கட்டிவரும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு.

காட்டில் மந்தி மரத்திலிருந்து கொப்பைப் பிய்த்து, பாதியைத் தின்று மீதியைக் கீழே போடும். புள்ளிமான் கீழே நின்று பொறுக்கும். இரண்டுக்கும் பழங்காலத்து ஒப்பந்தம். ஊருக்குள் வந்த மானும் அதே ஒப்பந்தத்தைத்தான் தொடர்கிறது. மந்தியின் இடத்தில் நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

போன கிழமை பார்த்தேன். மூன்று கவட்டுக் கொம்போடு ஒரு கிடா, மதிலோரம் கிடந்த சோற்றுப் பார்சலுக்குள் மூக்கை விட்டு ஒட்டியிருந்த பருப்பை நக்கியது. நாக்கோடு ஷீட்டும் போனது. கடைவாயில் மஞ்சள் மூலை ஒன்று தொங்க, மென்றுகொண்டே நின்றது. "ச்சூ" என்று கத்தினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கவுண்டருக்கு வந்தவனை லிகிதர் பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்துவிட்டு விழுங்கியது.

மானுக்கு நாலறை வயிறு. பொலித்தீன் அசைபோட மேலேயும் வராது, கீழேயும் இறங்காது. முதல் அறையிலேயே சுருண்டு உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்து மான் மேய்ச்சலைக் குறைக்கும். நிறைந்த வயிற்றோடு பட்டினியில் சாகும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் பிடித்து லொறியில் ஏற்றி சோமாவதிக் காட்டில் விட்டால் என்ன?
— ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், நகரம்

லொறிக்குச் செலவாகும் எண்ணெய்க்கு நகர் முழுக்க மூடி போட்ட குப்பைத் தொட்டி வைக்கலாம்.

மான் பிடிபடுவதைத் தாங்காத பிராணி. துரத்திப் பிடித்தால் பயத்திலும் ஓட்டத்திலும் அதன் தசையே சிதையத் தொடங்கும். உயிரோடு இறக்கிவிட்டோம் என்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். அது சில நாளில் அங்கேயே விழும். தப்பியதற்கும் சுகமில்லை. நகரத்துப் பிரட்றிக் கோட்டைக்குள் வளர்ந்த மானுக்குச் சிறுத்தை எப்படி இருக்கும் என்று தெரியாது. சிறுத்தைக்கு மான் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

இந்த மான்கள் உண்மையில் யாருடைய பொறுப்பு?
— பாடசாலை மாணவி, மூதூர்

சிக்கலான பிள்ளையப்பா நீங்கள்.

மான், 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. மான் படுக்கும் கோட்டையில் இராணுவ முகாம். கோட்டைச் சுவர் தொல்பொருள் திணைக்களத்துக்கு. மான் கடக்கும் பாதை வீதிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு. தின்னும் குப்பை உள்ளூராட்சிச் சபைக்கு. வாழைப்பழம் நீட்டும் கை கோட்டை வழியே கோயிலுக்குப் போகும் கோணேசர் பக்தருக்கு. கோட்டை வாசலிலிருந்து பஸ் நிலையம் வருவதற்குள் ஒரு மான் இத்தனை அலுவலகத்தையும் கடந்துவிடுகிறது. எங்களுக்கு ஒரு கையெழுத்து வாங்கவே மூன்று நாள்.

சரணாலயம், தேசிய பூங்கா: இரண்டும் ஒன்றுதானே?
— போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் ஒருவர், கிண்ணியா

பரீட்சையில் அப்படி எழுதிவிடாதீர்கள். தேசிய பூங்கா முழுக்க அரச காணி. அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், ஆள் குடியிருக்கலாம், ஆனால் விலங்கில் கை வைக்க முடியாது.

எங்கள் மாவட்டத்தில் 1963ஐ மறக்காதீர்கள். துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய சோபர் தீவு, சின்ன சோபர் தீவு, நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவு, 18,000 ஹெக்டேயருக்கு மேல் பரந்த 'நேவல் ஹெட்வேர்க்ஸ்' காடு எல்லாம் அந்த ஒரே ஆண்டில் சரணாலயமாயின. கொழும்பில் யாரோ ஒருவருக்கு அந்த வருடம் பேனாவில் நல்ல மை இருந்திருக்கிறது. கடைசிப் பெயரைக் கேட்டு சிரிக்காதீர்கள். ஹெட்வேர்க்ஸ் என்றால் நீர் எடுக்கும் தலைவாய். ஒரு காட்டுக்குக் கடற்படையின் பெயர் ஒட்டியிருக்கிறதென்றால், தண்ணீர் வேண்டுமானால் மரம் வேண்டும் என்று கப்பல்காரனுக்கும் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

புறாமலையில் முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று செல்பி எடுத்தேன். படகுக்காரர் ஏசினார். கல்லில்தானே நின்றேன்?
— கொழும்பிலிருந்து வந்து போன ஒருவர்

தம்பி, நீங்கள் நின்றது ஒரு ஊரின் கூரையில்.

முருகைக்கல் உயிருள்ளது. இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் சுண்ணாம்பில் வீடு கட்டிக் கட்டி எழுப்பியது. பாறைபோலத் திரண்டு வளரும் வகை வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். கிளைவிட்டு வளரும் மான்கொம்பு வகை கொஞ்சம் வேகம், ஆனால் கால் பட்டதும் முறியும். நீங்கள் மூன்று செக்கனில் உடைத்தது சில வருடக் கட்டுமானம்.

இன்னொன்று. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் ஆழங்குறைந்த முருகைக்கற்கள் பெரும்பாலும் வெளிறிச் செத்தபோது, திருகோணமலைப் பக்கம்தான் பெரிதாக அடிபடாமல் தப்பியது. 2003இல் புறாமலை தேசிய பூங்காவானது. சூடேறிய கடலுக்குத் தப்பியதை செருப்புக்குப் பலி கொடுத்தால் படகுக்காரர் ஏசாமல் என்ன செய்வார்? அவருடைய மகன் நாளைக்கு எதைக் காட்டி உழைப்பான்?

அங்கே சுறா கடிக்குமா?
— அதே நபர்

செட்டை நுனி கறுத்த சுறா அது. உங்களைக் கண்டால் விலகிப் போகும். ஏசத் தெரியாது.

80களில் ஊரை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது நான் உழுத வயலில் காடு. இப்போது வன எல்லைக் கல்லும் நிற்கிறது. நான் விவசாயியா, ஆக்கிரமிப்பாளனா?
— விவசாயி, குச்சவெளிப் பக்கம்

ஐயா, இந்தக் கேள்விக்குப் பகிடி வரவில்லை.

வயலை விட்டுப் போனால் முதலில் நாயுண்ணியும் எருக்கலையும் வரும். பிறகு விடத்தல், காரை. இருபது முப்பது வருடத்தில் மேலிருந்து படம் பிடிப்பவனுக்கு அது பச்சைத் திட்டு. அவன் வரைபடத்தில் காடு என்று நிறம் தீட்டுவான். யுத்தத்தில் ஓடியவனின் வயலா, ஆதியிலிருந்து நின்ற வனமா என்று செய்மதிக்குத் தெரியாது. தெரிந்த கிராம சேவகரை யாரும் கேட்பதில்லை. திரியாயிலிருந்து புல்மோட்டை வரைக்கும் இதே முறைப்பாடுதான்.

2001இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. வர்த்தமானியில் ஏறாத அரச காடுகளிலும் வன பரிபாலனத் திணைக்களத்தின் சொல்லே செல்லும் என்றது. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை, அந்த 'எச்சக் காடுகளை' மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் திருப்பிக் கொடுத்தது. சுற்றாடல்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். காணி இரண்டு முறை கைமாறியது. இரண்டு முறையும் உங்களைக் கேட்கவில்லை.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி தந்த பேர்மிட் இருந்தால் அதன் பிரதி. அது எரிந்துபோயிருந்தால் கமநல சேவை நிலையத்தில் பழைய நெற்காணி இடாப்பில் உங்கள் தகப்பனாரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கும் மேலே ஒரு சாட்சி உண்டு, காணியே. பற்றைக்குள் போய்ப் பாருங்கள்: வரம்பு நேர்கோட்டில் ஓடும், துரவு தூர்ந்து கிடக்கும், மதகுக் கல் தெரியும். எந்த வனத்திலும் வரம்பு தானாக முளைப்பதில்லை. பிரதேச செயலகத்துக்கு அந்தப் படங்களோடு போங்கள்.

இதையும் எழுதாவிட்டால் கடமை தவறும்: உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு, பாட்டன் காலத்திலும் அந்தப் பக்கம் கால் வைக்காத ஆட்கள் டோசரோடு வருகிறார்கள். அவர்கள் சாய்ப்பது நாயுண்ணியை அல்ல, நூறு வருடப் பாலையையும் முதிரையையும். முப்பது வருடப் பற்றையும் நூறு வருடப் பாலையும் ஒன்றாகத் தெரிகிற கண்ணுக்கு, நீங்களும் அந்த டோசர்காரனும் ஒருவராகத்தான் தெரிவீர்கள். அதுதான் உங்களுக்கு நடக்கும் இரண்டாவது அநியாயம்.

அண்ணை, யானைவேலி போட்டாச்சு. ஆனாலும் ஆனை வருது. வேலி பழுதா, ஆனை பழுதா?
— விவசாயி, கந்தளாய்ப் பக்கம்

வேலி போட்ட இடம் பழுது.

பல இடங்களில் மின்வேலி ஓடுவது வனஜீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வன பரிபாலனத் திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவில். இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. இரண்டு கந்தோர்களையும் பிரிக்கக் கம்பி கட்டியிருக்கிறார்கள். யானையின் நிலையைச் சொல்ல வேண்டுமா? யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதம் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களுக்கு வெளியேதான் என்று ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவும் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் வழி: காட்டைச் சுற்றி வேலி போடுவதை விட்டு வயலைச் சுற்றிப் போடுங்கள். விதைக்கும்போது விவசாயிகளே கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றுங்கள். தாள் கிடக்கும் வயலில் யானை வந்து மேயட்டும். தன் நெல்லுக்குக் கட்டிய வேலியை எவனும் இரவில் வந்து பார்ப்பான். அரசாங்கத்து வேலியை எவன் பார்ப்பான்?

யானைக்கும் மூளை உண்டு. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுபிடித்து அதால் கம்பியைத் தள்ளும். மரக்கட்டையைத் தூக்கிக் கம்பியில் போடும்.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானை. 2019இல் மட்டும் 400க்கு மேல் யானையும் 100க்கு மேல் மனிதரும் செத்தார்கள். பன்றிக்கு என்று பழத்துக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி யானைக்குட்டியின் வாயில் வெடித்தால், தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே ரயில் மோதி 6 யானை செத்தன. அந்த விபத்தின் படத்தைப் பார்த்த பிறகு அன்று நான் சாப்பிடவில்லை.

சந்தையில் டைனமைட் மீனைக் கண்டுபிடிப்பது எப்படி?
— இல்லத்தரசி, பாலையூற்று

அக்கா, வயிற்றைக் கீறிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இரத்தம் கட்டியிருக்கும், காற்றுப்பை கிழிந்திருக்கும், நடுமுள் முறிந்திருக்கும், சதை குழையும். வெடியில் செத்ததில் ஒரு பகுதிதான் மிதக்கும். மீதி அடியில் போய் அழுகும். குஞ்சும் முருகைக்கல்லும் சேர்த்துத்தான். கண்டுபிடித்ததும் விலை பேச வேண்டாம். வாங்காமல் வாருங்கள்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையில் நின்றால் நீலத் திமிங்கிலம் தெரியும் என்கிறார்களே, கதையா?
— யாத்திரீகர், வவுனியா

மெய். துறைமுக வாயிலிலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழ்கடல் பிராணி கரைக்குப் பக்கத்திலேயே வரமுடிவது அதனால். பங்குனிக்குப் பிறகு எங்கள் கடல் அமைதியான மாதங்களில் காலை வெயிலில் பாருங்கள். அடிவானத்தில் புகைபோல ஒரு பீறல் எழும், கரையும். 1960களில் சோவியத் கப்பல்கள் இந்த வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு மேல் நீலத் திமிங்கிலங்களைக் களவாக வேட்டையாடின. 1979இல் சமுத்திரமே சரணாலயமானது. பிறகு 80களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள்தான் திருகோணமலைத் திமிங்கிலங்களை உலகுக்குக் காட்டினார்கள்.

படகில் போகிறவர்களுக்கு: 100 மீற்றருக்குள் நெருக்கச் சொல்லிப் படகுக்காரரின் கையில் மேலதிகக் காசை வைக்காதீர்கள். துரத்தினால் அது மூழ்கும். உங்களுக்கு வால்கூட மிஞ்சாது.

2025 மார்ச் 15இல் காலை 8 மணியிலிருந்து 8:05 வரை குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொன்னார்களே, எண்ணினீர்களா?
— ஆசிரியர், நிலாவெளி

எண்ணினேன். என் மாமரத்தில் நேரம் தவறாமல் 7:58க்கு வந்த ஒன்பது குரங்கு 7:59க்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. அங்கே எண்ணியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த பிறவியில் மானாகப் பிறந்தால் எங்கே வாழ ஆசை?
— பெயர் போடாத வாசகி

பிரட்றிக் கோட்டைக்குள். வாசலில் இரவு பகல் துப்பாக்கியோடு காவல். கடற்காற்று. வெள்ளிக்கிழமை வாழைப்பழம். எல்லைக் கல் நட்டாலும் அதில் முதுகு தேய்க்கலாம். முக்கியமாக, காணிக் கச்சேரிக்கு வரச்சொல்லி யாரும் கடிதம் போட மாட்டார்கள்.