சதுர சீஸும் சக்கர சீஸும்

பேக்கரியில் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் மஞ்சள் சதுரம் உண்மையிலேயே சீஸ்தானா? (கல்லூரி மாணவி, கீழ்பென்னாத்தூர்)

சீஸிலிருந்து செய்தது. பாலை உறையவைத்து, தண்ணீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, மாதக்கணக்கில் முதிரவிட்டால் வருவது கெட்டிச் சீஸ். அதைத் துருவி, சோடியம் சிட்ரேட் போன்ற ஓர் உப்பைச் சேர்த்து, ஏறக்குறைய 80 டிகிரி சூட்டில் கிளறி உருக்கி, அச்சில் ஊற்றினால் பிராசஸ்டு சீஸ்.

அந்த உப்பு எதற்கு என்பதுதான் சுவையான விஷயம். நன்கு முதிர்ந்த சீஸை வாணலியில் போட்டுப் பாருங்கள். நெய் தனியே ஓடும், மிச்சம் ரப்பராகத் திரளும். பால் புரதத்தை ஒன்றோடொன்று கட்டிவைத்திருப்பது கால்சியம். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கட்டு தளர்ந்த புரதம் இளகி, கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சதுரம் வழுவழுவென்று உருகுவது இதனால்தான். ஆனால் அதே சூட்டில், ருசியை வளர்த்துக்கொண்டிருந்த நுண்ணுயிர்களும் நொதிகளும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. முதிர்வது அங்கேயே நின்றுபோகும். இன்று தின்றாலும் மூன்று மாதம் கழித்துத் தின்றாலும் ஒரே ருசி. அது வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ருசி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இது அமெரிக்கக் கண்டுபிடிப்புதானே? (ஆசிரியர், வேட்டவலம்)

இல்லை, சுவிஸ். தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் 1911இல் செய்தார்கள். வெப்ப நாடுகளுக்குக் கெடாமல் அனுப்ப ஒரு சீஸ் வேண்டும் என்பது அவர்கள் கவலை. அமெரிக்காவின் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்கு 1916இல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் அந்நாட்டுப் படைக்கு டின் டின்னாகப் போனது அவருடைய சீஸ். நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சரக்கு முதலில் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

அதில் கெமிக்கல் இருக்கிறதாம், புற்றுநோய் வருமாம். நிஜமா? (குடும்பத் தலைவி, சோமாசிபாடி)

பயத்தை விடுங்கள். சோடியம் சிட்ரேட் என்பது எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தின் உப்பு. மஞ்சள் நிறம் பெரும்பாலும் அனாட்டோ என்ற விதையின் சாயம். கவனிக்க வேண்டியது சோடியம். சீஸ் செய்யும்போது ஒருமுறை உப்பு, உருக்கும்போது மறுபடி சோடியம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால்சியம் கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தினமும் இரண்டு ஸ்லைஸ் கொடுப்பதைவிட ஒரு கிண்ணம் தயிர் கொடுங்கள் தாயே.

கிரிவலம் போகும் பௌர்ணமியில் சீஸ் சாப்பிடலாமா? (கடைக்காரர், கீழ்பென்னாத்தூர்)

விரத முறை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல வேண்டியது. சைவமா என்பதை நான் சொல்கிறேன். ஐரோப்பாவின் பழைய முறையில் பாலை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். இந்தியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்ததுதான். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

பீட்சாவில் கயிறு மாதிரி இழுபடுவதும் பிராசஸ்டு சீஸா? (பள்ளி மாணவன், செஞ்சி)

மொசரெல்லா, தம்பி. திரளைச் சுடுநீரில் போட்டு இழுத்து இழுத்துப் பிசைவார்கள், அதனால் வந்த இழுவை. ஆனால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த போலியும் சந்தையில் உண்டு. அதைச் சீஸ் என்று சொல்லி விற்கச் சட்டம் இடம் தரவில்லை. கடையில் தயங்காமல் கேள்.

இந்தியாவுக்கென்று சொந்தச் சீஸ் ஏதும் உண்டா? (ஓய்வுபெற்ற அலுவலர், வேட்டவலம்)

பனீரோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஜம்முவில் களாரி இருக்கிறது, அதன் கொழுப்பிலேயே தோசைக்கல்லில் வாட்டித் தின்பார்கள். வங்காளத்தின் பேண்டல், போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. புகையூட்டி, உப்பேறி இருக்கும். ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். இமயத்தில் கல்லாய் இறுகிய சுர்ப்பி. அருணாசலத்தின் யாக் சுர்ப்பிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. காலிம்போங்கில் ஒரு சுவிஸ் பாதிரியார் தொடங்கிவைத்த சீஸும் உண்டு. இவற்றின் பெயர்கூட நம் கடைக்காரர்களுக்குத் தெரியாமல் போனது எனக்கு உண்மையான வருத்தம்.

எங்கள் சொசைட்டிப் பாலில் நல்ல சீஸ் செய்ய முடியாதா? (மாடு வளர்ப்பவர், கீழ்பென்னாத்தூர் அருகே)

முடியும். கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குச் சுமார் பத்து லிட்டர் பசும்பால். எருமைப் பாலில் கொழுப்பும் புரதமும் கூடுதல் என்பதால் அளவு குறையும். பத்து லிட்டர் பசும்பாலில் மீதி சுமார் ஒன்பது லிட்டர் வடிநீர். அதை மாட்டுக்கே வைக்கலாம். பால் இருக்கிறது, கை இருக்கிறது. இல்லாதது குளிர். முதிரும் அறை 10 முதல் 13 டிகிரியில், ஈரத்தோடு, மாதக்கணக்கில் இருக்க வேண்டும். சித்திரையில் நாற்பதைத் தொடும் மண்ணில் அது முழுக்க மின்சாரச் செலவு. நம் முன்னோர் பாலைத் தயிராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கி வைத்ததும் இந்த வெயிலுக்குத் தக்க அறிவுதான்.

ஆகவே முதிர வேண்டாத சீஸிலிருந்து தொடங்குங்கள். மொசரெல்லா நாள் கணக்கில் விற்பனைக்கு வந்துவிடும். திருவண்ணாமலையில் வெளிநாட்டார் வந்து தங்கும் ஆசிரமப் பகுதி இருக்கிறது, அங்கே உணவகங்கள் இருக்கின்றன. வாங்க ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாலைச் சுத்தமாகக் கறந்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கிருமி போக்கும் ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது; அதில் சமரசம் செய்தால் தொழிலும் போகும், தின்றவர் உடம்பும் கெடும்.

நல்ல சீஸை ஒருமுறையாவது ருசிக்க எங்கே போவது? (அதே கல்லூரி மாணவி)

செஞ்சி, திண்டிவனம் வழியே ஆரோவில். அங்கே லா ஃபேர்ம் என்ற பண்ணையில் பல ஆண்டுகளாகக் கையால் செய்கிறார்கள். விலை கூடுதல், அதனால் நூறு கிராம் வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, ரொட்டி இல்லாமல் முதலில் வெறுமனே தின்று பாருங்கள்.